புகார் எண் 4183-ஐ மீண்டும் திறக்கும்படி மாப்பிள்ளைக்கு

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம், பணிமனையில் முதல் இயந்திரமும் இரண்டாம் இயந்திரமும் நலம். மூன்றாவதுதான் நலமில்லை, அதற்கு நீங்கள்தான் காரணம். அங்கே நீங்களும் என் மகளும், நான் இதுவரை போன் திரையில் மட்டுமே பார்த்திருக்கிற நான்கு மாதப் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இத்துடன் மரியாதைப் பகுதி முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வியாழக்கிழமை உங்கள் மனைவி, அதாவது என் மகள், போன் செய்து, "அப்பா, நீங்க அவர்கிட்ட எழுத்துல மன்னிப்பு கேக்கணும். அந்த லெட்டர் இங்க வந்து சேர்ந்தாத்தான் பதினெட்டாம் தேதி நாங்க குழந்தையைத் தூக்கிட்டுக் கிளம்புவோம். இல்லன்னா டிக்கெட்டை கேன்சல் பண்ணிடுவேன்" என்றாள். நான் தூக்கி வளர்த்த பெண் எனக்கே நிபந்தனை போடுகிறாள். இப்படிப் பேச யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "உங்ககிட்டேருந்து வந்ததுதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். ஆகவே எழுத்தில் எழுதுகிறேன். எழுத்துக்கு மட்டும்தான் நான் ஒப்புக்கொண்டேன். மன்னிப்பை எதிர்பார்த்தீர்கள் என்றால் கடைசி வரி வரை தேடிப் பாருங்கள், கிடைக்காது.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் தெரியாத மாதிரி நீங்கள் பதில் போட்டதால் மறுபடி சொல்கிறேன். நூற்றுப் பன்னிரண்டு பேருந்துகள் நிற்கிற பணிமனையில் கணினிப் பிரிவுக்கு நான் தலைவர். பிரிவு என்றால் நான், ஒரு மேசை, உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்கிற ஒரு நாற்காலி, அப்புறம் அந்த இயந்திரங்கள். ஒவ்வொரு பேருந்தும் போகிற வழியெல்லாம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒரு தகவல் அனுப்பும். அதை வாங்கி, எந்த நிறுத்தத்துப் பலகைக்குப் போக வேண்டுமோ அங்கே கொண்டு சேர்க்கிற மென்பொருள்தான் உங்கள் தகவல் தரகர். நீங்களும், உங்களைப் போலவே சம்பளம் இல்லாமல் உழைக்கிற இன்னும் பதினோரு பேரும் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கிறீர்கள். முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். சம்பளத்துக்கு ஒரு வேலை, சம்பளம் இல்லாமல் ஒரு வேலை என்றீர்கள். அந்த இரண்டாவதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினீர்கள். என் மகள் கொட்டாவி விட்டாள், உங்கள் அத்தை எழுந்து போய்த் துணி மடித்தார், நான் மட்டும்தான் கண் கொட்டாமல் கேட்டேன். மறுவாரமே பணிமனையில் அதை நிறுவினேன். நம்பி எடுத்தவன் நான் என்பதை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பிறகு எங்கள் மேலாளர் ஒருநாள் என் அறைக்கு வந்து, நாற்காலியில் உட்காரலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டு நின்றபடியே, "இது படுத்துட்டா என்ன சார் பண்ணுவீங்க?" என்றார். படுக்காது என்றேன். "மனுஷனே படுக்கிறான், மெஷின் படுக்காதா?" என்றார். உங்கள் கையேட்டை எடுத்துப் படித்தேன். ஹை அவைலபிலிட்டி என்று பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். மூன்று இயந்திரங்களை வைக்க வேண்டும், ஒன்று தலைவர், மற்ற இரண்டும் காத்திருப்பு, தலைவர் விழுந்தால் காத்திருப்பதில் ஒன்று எழுந்து அந்த இடத்தில் உட்காரும், வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றுமே தெரியாது. படிக்கும்போது மெய் சிலிர்த்தது மாப்பிள்ளை. என் குடும்பத்தில் ஒருவன் இப்படி எழுதியிருக்கிறானே என்று பெருமையாகவும் இருந்தது, இப்போது அந்தப் பெருமையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஏற்கெனவே இருந்த இரண்டு இயந்திரங்களையும் விற்ற கம்பெனி ஆளே வந்து அமைத்துக் கொடுத்தான். மூன்றாவது என் கையால் அமைத்தது. பேத்தி பிறந்த வாரம் அது. உங்கள் அத்தை அங்கே வந்து ஒரு மாதம் இருந்தார். நான் வரவில்லை. வரவில்லை என்று என் மகள் இன்றுவரை குத்திக் காட்டுகிறாள், ஆனால் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு நான் எப்படி வர முடியும்? அந்த இயந்திரத்தில் ஒரு எழுத்துகூட என் அனுமதி இல்லாமல் கிடையாது. இணையத்திலிருந்து தானாக நேரம் வாங்கிக்கொள்கிற ஏற்பாடு ஒன்று அதில் இருந்தது, அதைக்கூட அணைத்துவிட்டு என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நானே நேரம் வைத்தேன். எங்கேயோ உட்கார்ந்திருக்கிற எவனோ சொல்கிற நேரம் என் பணிமனைக்கு எதற்கு?

மூன்றாவதை இணைத்தேன், அன்றைக்கே ஆரம்பித்தது வினை. முதலாவது நல்லபடி வேலை செய்துகொண்டிருக்கும்போதே மூன்றாவது எழுந்து, "தலைவர் கடைசியாகப் போட்ட கையெழுத்து பழசாகிவிட்டது, இனி நானே தலைவர்" என்று அறிவித்து உட்கார்ந்துகொண்டது. முதலாவது இறங்க மறுத்தது. இரண்டு தலைவர்கள். இரண்டும் பலகைகளுக்குத் தகவல் அனுப்ப, பதினான்காம் எண் பேருந்து ஒவ்வொரு பலகையிலும் இரண்டு முறை வந்தது. முதல் பதினான்கில் கூட்டம் என்று அதை விட்டுவிட்டு இரண்டாவது பதினான்குக்காக ஒரு டீச்சர் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். நின்றவர் நேரே பணிமனைக்கு வந்து எங்கள் டைம் கீப்பரிடம், "ரெண்டாவது பஸ் எங்க?" என்றார். "ரெண்டாவதுன்னு ஒண்ணு கிடையாதும்மா" என்றார் அவர். "போர்டுல இருந்துச்சே?" "போர்டுல இருக்கும்மா, ரோட்டுல இருக்காது." அந்த அம்மாள் இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றார். டைம் கீப்பர் எழுதிக் கொடுத்துவிட்டார், மேலாளர் அதற்கு என்னிடம் விளக்கம் கேட்டார். சரி, போகட்டும் என்று முதலாவதைக் கையால் நிறுத்தி மூன்றாவதை மட்டும் தலைவராக விட்டேன். அப்போது அது என்ன செய்தது தெரியுமா? பேருந்துகள் அனுப்பிய தகவல் ஒவ்வொன்றையும் வாங்கி, காலாவதியாகிவிட்டது என்று முத்திரை குத்திக் குப்பையில் போட்டது. ஊர் முழுக்கப் பலகைகள் வெறிச்சென்று ஆகிவிட்டன. ஓட்டுநர் ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சார், நாங்கல்லாம் ஓடுறோமா இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எல்லோரையும் போல நானும் உங்கள் தளத்தில் போய்ப் புகார் போட்டேன். எண் 4183. மாமனார் என்று சொல்லிச் சலுகை கேட்கிறவன் நானல்ல, ஆகவே 'பேருந்துக்காரன்' என்ற புனைபெயரில் போட்டேன். எட்டே நிமிடத்தில் பதில் வந்தது, அதுவும் உங்களிடமிருந்தே. "என் கணினியில் சரியாக ஓடுகிறது." உங்கள் கணினியில் ஓடும் மாப்பிள்ளை, ஓடாமல் என்ன? உங்கள் கணினிக்காகவா ஊரில் பேருந்து விடுகிறோம்? அடுத்த பதிலில், புதிய பதிப்பில் தலைவர் மாறுகிற பகுதியைத் திருத்தியிருக்கிறோம், மூல நிரலை இறக்கி நீங்களே பில்ட் செய்து பாருங்கள் என்றீர்கள். அதாவது, வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்றால் இரும்பு தருகிறேன், நீயே குழாய் செய்துகொள் என்கிறீர்கள்.

செய்தேன். என்னால் முடியாது என்று நினைத்துத்தானே சொன்னீர்கள், அதற்காகவே செய்தேன். மூன்றாவது இயந்திரத்தில்தான் இடம் இருந்தது, நிரலை அங்கே இறக்கி வைத்து, முதலாவதிலிருந்து பில்ட் ஓட்டினேன். ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. எழுநூறு கோப்புகளைக் கட்டி முடித்துவிட்டு, முடித்ததை மறந்து முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தது. நான் தேநீர் குடித்துவிட்டு வந்தேன், மூன்றாம் தடவையாகக் கட்டிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டுப் பார்த்தால் மஞ்சள் எழுத்தில் ஒரு எச்சரிக்கை: "இந்தக் கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது." இதில் எச்சரிக்க என்ன இருக்கிறது? எதிர்காலத்தில் இருப்பது குற்றமா? முன்யோசனை உள்ளவன் எதிர்காலத்தில்தான் இருப்பான். அப்படியே பிடித்து இழுத்து ஒருவழியாக முடித்தால், சோதனைகளில் பதினேழு தோற்றன. பதினேழும் நேரம் சம்பந்தப்பட்டவை. உங்கள் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் நேரத்தைப் பற்றிய ஞானம் கிடையாது என்பது அப்போது எனக்கு ஊர்ஜிதமாயிற்று.

இதையெல்லாம் வரி விடாமல் 4183-இல் எழுதினேன். நீங்கள் வருந்தவில்லை, திருத்துகிறேன் என்றும் சொல்லவில்லை. மூன்று கேள்விகள் போட்டீர்கள். முதல் இரண்டையும் விடுங்கள். மூன்றாவது கேள்வி: "மூன்று இயந்திரங்களிலும் கடிகார நேரம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தீர்களா?"

என்னிடமா? நேரத்தைப் பற்றி என்னிடமா? முப்பத்தொரு வருடச் சர்வீஸில் ஒருநாள்கூட வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை படாதவனிடமா? அதுவும் கேட்பது யார்? பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணத்துக்கு நேரம் வாங்கிவிட்டு, என் மகளையும் இரண்டு சாட்சிகளையும் பெஞ்சில் உட்கார வைத்து, பதிவாளர் பேனா மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருக்க, நாற்பது நிமிடம் கழித்து, சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டபடி ஓடி வந்த நீங்கள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம், "தன் கல்யாணத்துக்கே நாற்பது நிமிடம் தாமதமாக வந்தவர் எனக்கு நேரம் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்" என்று 4183-இல் எழுதிவிட்டேன். அதில் என் புனைபெயர் கிழிந்துபோனது. நம் மொழி தெரியாதவர்கள்கூட மொழிபெயர்த்துப் படித்தார்கள் போலிருக்கிறது, எண்பத்து மூன்று பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். நான் காட்டச் சொல்லவில்லை. அதற்குள் நீங்கள் "விவாதம் சூடாகிவிட்டது" என்று ஒரு வரி போட்டுப் புகாரை மூடி, பூட்டும் போட்டுவிட்டீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு போகிறவரிடம் எப்படிப் பேசுவது? அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், இதை என் மகளிடம்கூட நான் சரியாகச் சொன்னதில்லை. அவள் பிறந்த அன்று நான் ஆஸ்பத்திரிக்கு எட்டு நிமிடம் தாமதமாகப் போனேன். பணிமனையில் ஏதோ ஒரு பேருந்து, ஏதோ ஒரு பஞ்சாயத்து, இதோ கிளம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே நின்றுவிட்டேன். மாடிப்படி ஏறும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. முதல் அழுகை இல்லை, அது முடிந்துவிட்டிருந்தது. அன்று சாயங்காலமே என் கைக்கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்தேன். வீட்டுச் சுவர்க் கடிகாரம், படுக்கையறை அலாரம், என் ஆபீஸ் அறைக் கடிகாரம், எல்லாம் அதே கணக்குத்தான். அதற்குப் பிறகு நான் எதற்கும் தாமதமானதில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் போய்ப் பூட்டிய கேட்டின் முன் நிற்பாள், அதற்கு என்னைத் திட்டுவாள், திட்டட்டும். இப்படிப்பட்டவனிடம் நேரம் ஒன்றாக இருக்கிறதா என்று கேட்டால் கோபம் வராதா? நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. 4183-இன் பூட்டைத் திறக்க வேண்டும். அந்த மூன்றாவது கேள்வியை நீங்கள் திரும்பப் பெற வேண்டும். குறை உங்கள் நிரலில்தான் இருக்கிறது என்று அந்த எண்பத்து மூன்று பேரும் பார்க்க எழுத வேண்டும். என் நிலையிலிருந்து ஒரு அங்குலம்கூட இறங்க மாட்டேன். பதினெட்டாம் தேதி நீங்கள் வராவிட்டாலும் சரி. சரி என்று எழுதிவிட்டேனே தவிர, வாங்கி வைத்த தொட்டிலை உங்கள் அத்தை தினமும் துடைக்கிறார், ஒரு கால் ஆடுகிறது என்று நானும் இரண்டு முறை திருகாணி முடுக்கினேன். அது வேறு விஷயம், இந்தப் புகாரோடு அதைச் சேர்க்காதீர்கள்.

மகளுக்கு என் கண்டனமும் அன்பும், அதே வரிசையில். பேத்தியின் இரண்டு உள்ளங்கால்களுக்கும் தாத்தாவின் முத்தம். நீங்களும் நூறு வயது இருங்கள், குறைந்தது அதையாவது தாமதமில்லாமல் ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
கொண்ட கொள்கையில் மாறாத,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டிக்குக் கிளம்பினேன். கடைசி எடுப்பு மாலை ஐந்து மணி. செருப்பு மாட்டும்போது கையைப் பார்த்தேன், ஐந்து ஐந்து. "போச்சு, எடுத்துட்டுப் போயிருப்பான்" என்று திரும்பினேன். உங்கள் அத்தை மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்காமல், "அது உங்க கடிகாரத்துக்கு. ஊருக்கு இன்னும் அஞ்சாகல, போங்க" என்றார்.

ஒரு செருப்போடு அப்படியே நின்றுவிட்டேன் மாப்பிள்ளை. முப்பது வருடம் கட்டிப் பழகி, கையில் இருப்பதுதான் நேரம் என்று ஆகிவிட்டது. மூன்றாவது இயந்திரத்துக்கு நேரம் வைத்தபோதும் நான் பார்த்தது அந்தக் கையைத்தான். தபால் பெட்டிக்குப் போகவில்லை, பணிமனைக்குப் போனேன். மற்ற இரண்டும் நாலு ஐம்பத்தேழு... இல்லை, அதற்குள் ஐந்து இருபது ஆகியிருந்தது, மூன்றாவது மட்டும் ஐந்து முப்பது காட்டியது. அணைத்து வைத்திருந்த ஏற்பாட்டைப் போட்டேன், அந்த எவனோ ஒருவன் ஒரு நொடியில் திருத்திக் கொடுத்துவிட்டான். தலைவர் ஒருவரே, பதினான்காம் எண் ஒன்றே, ஒரு தகவலும் குப்பைக்குப் போகவில்லை. பில்ட் ஒரே தடவையில் முடிந்தது, பதினேழும் பாஸ். டைம் கீப்பரிடம் சொன்னேன். "மாப்பிள்ளை இதைத்தான சார் முதல்லயே கேட்டார்?" என்றார்.

வீட்டுக்கு வந்து உங்கள் அத்தையிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பொண்ணு பொறந்தப்போ எட்டு நிமிஷம் லேட்டு. அதுக்கு முப்பது வருஷம் கடிகாரத்தைத் தள்ளி வச்சீங்க. பேத்தி பொறந்து நாலு மாசமாச்சு. அதுக்கு எதைத் தள்ளி வைக்கப் போறீங்க?" என்றார்.

நாலு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். கீழ்க்கண்ட திருத்தங்களோடு படிக்கவும். கல்யாணத்தன்று நீங்கள் நாற்பது நிமிடம் தாமதம் என்று போகிற இடமெல்லாம் சொல்லி வந்தேன், அது முப்பதுதான். அந்த முப்பதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. 4183-இன் பூட்டைத் திறங்கள், ஒரே ஒரு வரி போட வேண்டும்: "மூன்றாவது கேள்விக்குப் பதில்: இல்லை, ஒன்றாக இல்லை, நான்தான் பார்க்கவில்லை." எண்பத்து மூன்று பேரும் அதற்கும் கட்டைவிரல் காட்டட்டும். கடைசி வரி வரை தேடினாலும் கிடைக்காது என்று மேலே ஒன்று எழுதியிருந்தேன். தேட வேண்டாம். என்னை மன்னித்துவிடுங்கள் மாப்பிள்ளை.

பதினெட்டாம் தேதி டிக்கெட்டை என் மகள் கேன்சல் செய்தாலும் பாதகமில்லை, குழந்தையை அவ்வளவு தூரம் தூக்கி வர வேண்டாம். நாங்கள் இருவரும் வருகிறோம். பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைவர் போனால் காத்திருக்கிறவர் எழுந்து உட்காருவார் என்று பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்களே, டைம் கீப்பரை என் நாற்காலியில் உட்கார வைத்து, எந்தப் பக்கம் சாயக் கூடாது என்றும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். சுவர்க் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் இன்று காலை ரேடியோவில் நேரம் கேட்டுத் திருப்பி வைத்தேன். வண்டி சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு வரும், உங்கள் நேரப்படி, அதாவது ஊர் நேரப்படி. ஸ்டேஷனுக்குக் குழந்தையைக் கொண்டு வாருங்கள். நீங்கள் தாமதமாகத்தான் வருவீர்கள், தெரியும். பரவாயில்லை, காத்திருக்கிறேன்.